விண்வெளிப் பேரரசுகளும் விதிகளின் உடைமையும்: ‘ஈவ் ஒன்லைன்’ குழுமங்கள் பற்றிய ஒரு நோக்கு

தாமாக விரும்பி ஒன்றுசேரும் மனிதர்கள், எவருடைய வற்புறுத்தலும் இல்லாத நிலையிலுங்கூட, ஈற்றில் ஒருவருடைய அல்லது ஒரு சிலருடைய ஆணைக்கே உட்படுவர் என்னும் கருத்து அரசியற் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவி வருவதொன்றாகும். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் உள்ளமைப்பை ஆராய்ந்த றொபேட் மிக்கெல்ஸ் 1911இல் இதனை ஓர் ‘இரும்பு விதி’ என்றே வகுத்துரைத்தார். அவர் பிற்காலத்தில் இத்தாலியப் பாசிசத்தோடு சேர்ந்துகொண்டார் என்பது அவ்விதியைப் பொய்யாக்கிவிடாது. ஆயினும் அவ்விதி யாருக்கு உவப்பானது என்பதை அது நன்கு காட்டுகின்றது. அண்மைக் காலத்தில் இக்கருத்துக்குப் புதிய சான்றொன்று கிடைத்துவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். அச்சான்று கட்சிகளிலிருந்தோ தொழிற்சங்கங்களிலிருந்தோ பெறப்பட்டதன்று. ‘ஈவ் ஒன்லைன்’ என்னும் இணையவழிப் போட்டி விளையாட்டில் ஈடுபட்ட பல்லாயிரவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்குள் அமைத்தும் அழித்தும் வந்த குழுமங்களின் வரலாறே அது. அவ்வரலாற்றை 2016இல் நூலாக்கிய அன்ட்றூ குறோன் அதற்கு ‘எம்பயர்ஸ் ஒவ் ஈவ்’ என்று பெயரிட்டார். பேரரசுகள் என்ற அச்சொல்லை நாம் எளிதில் ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஏன் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டை அறியாத வாசகருக்காகச் சில செய்திகளை முதலிற் கூறுதல் வேண்டும். ஐஸ்லாந்தின் தலைநகரான றெய்க்கியாவிக்கில் 1997இல் தொடங்கப்பட்ட சீசீபி என்னும் நிறுவனம் 2003 மே மாதத்தில் இவ்விளையாட்டை வெளியிட்டது. பெரும்பாலான இணைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல பிரதிகளிற் பிரிந்து விளையாடுவர். ஈவில் அவ்வாறன்று, சீனாவிற்கெனத் தனியாக இயங்கியதை நீக்கிப் பார்த்தால், உலகின் எல்லா நாட்டவரும் ஒரே விண்வெளியில், ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்களிடையே ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர். கப்பல்களையும் ஆயுதங்களையும் பெரும்பாலும் ஆட்டக்காரரே தோண்டியெடுத்த மூலப்பொருள்களைக் கொண்டு உற்பத்தி செய்கின்றனர். அழிந்த கப்பல் மீண்டு வராது. ஏமாற்றும் வேவும் நம்பிக்கைத் துரோகமும் விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்ட செயல்களாகவே கொள்ளப்படுகின்றன. விண்வெளியின் புறப்பகுதிகளில் கணினியினால் இயக்கப்படும் காவற்படை எதுவும் இல்லை. ஆதலால் நிலம் வேண்டுவோர் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுசேர்வோர் தமக்குள் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். இங்கு போட்டி என்பது கைவேகத்திலும் கண்கூர்மையிலும் மட்டும் தங்கியிருப்பதன்று. அமைப்பைக் கட்டுவதும் அதைக் கட்டிக்காப்பதுமே அதன் பெரும்பகுதி.

குறோனின் நூலுக்குரிய சிறப்பை நாம் மறுக்கவில்லை. சிதறிக்கிடந்த வாய்மொழிச் செய்திகளைத் திரட்டி, பகைவர் இரு சாராரையும் வினவி, 2003 முதல் 2009 வரையுள்ள காலத்தை ஒழுங்குபடுத்தி அவர் எழுதியுள்ளார். இத்தகைய முயற்சி நடைபெறாதிருந்தால் அச்செய்திகளிற் பல மறைந்தே போயிருக்கும். எனினும் அவருடைய நோக்கு போர்களையும் தலைவர்களையும் சுற்றியே இயங்குகின்றது. படை எழுகின்றது, எல்லை விரிகின்றது, சூழ்ச்சி நிகழ்கின்றது, தலைநகர் வீழ்கின்றது. அரச வமிச வரலாறுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இப்போக்கு மிகவும் அறிமுகமானது. படைக்கலம் செய்தவனும் பொருள் சுமந்தவனும் அவ்வரலாறுகளில் எவ்வாறு காணப்படுவதில்லையோ, அவ்வாறே இந்நூலிலும் அவர்கள் பின்னணியிலேயே நிற்கின்றனர். இது நூலாசிரியருடைய தனிக்குறை என்று சொல்வதற்கில்லை. ஆட்டக்காரரும் தம்மைப் பற்றி இவ்வாறே பேசிக்கொள்கின்றனர். விளையாட்டை விற்கும் நிறுவனத்துக்கும் இத்தகைய கதைகளே விளம்பரமாகின்றன. ஆனால், இந்நூலை வாசித்து முடிப்பவர், ‘மனிதரைத் தம்போக்கில் விட்டால் அவர்கள் பேரரசர்களையே உண்டாக்குவர்’ என்ற முடிபுக்கு வருவது தவிர்க்கமுடியாததாகிவிடுகின்றது. அவர்கள் தம்போக்கில் விடப்பட்டனரா என்பதே நாம் எழுப்பும் வினா.

ஈவில் ஆட்டக்காரர் சிலர் சேர்ந்து ஒரு குழுவை அமைக்க விரும்பினால், அதற்கு விளையாட்டின் மென்பொருள் அளிக்கும் வடிவம் ஒன்றே: கூட்டுத்தாபனம். சங்கம், கூட்டுறவு, கம்யூன், சபை என்று அவர்கள் அதனை எப்பெயரால் அழைத்தாலும் மென்பொருளின் கண்ணில் அது கூட்டுத்தாபனமே. அதனைப் பதிவு செய்பவர் அக்கணமே பிரதம நிறைவேற்று அதிகாரியாகின்றார். கூட்டுத்தாபனம் உருவாகும்போது 1,000 பங்குகளும் கூடவே உருவாகின்றன. அப்பங்குகளோ கூட்டுத்தாபனத்தின் பெயரிலேயே, அதாவது அதிகாரியின் கைக்குள்ளேயே இருக்கின்றன. தலைமையை மாற்றுவதற்கு வாக்கெடுப்பு என்றொரு ஏற்பாடு இல்லாமலில்லை. ஆனால் வாக்குரிமை உறுப்பினருக்கு உரியதன்று. பங்கு வைத்திருப்போருக்கே உரியது. பங்கை வழங்குவதா இல்லையா என்று தீர்மானிப்பவர், எவரை மாற்றுவதற்கு வாக்கெடுப்பு வேண்டுமோ அவரேதான். அவருக்கு அடுத்த நிலையில் உள்ளோர் பணிப்பாளர்கள். ஒருவரைப் பணிப்பாளராக்கினால் அவருக்குப் பெரும்பாலும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும். ஒரு செயலுக்கு இருவருடைய ஒப்புதல் வேண்டும் என்றோ, பொதுக்கூட்டத்தின் முடிவின்றிப் பொதுப்பணத்தை எடுக்கலாகாது என்றோ விதி செய்ய விரும்பும் குழுவினர் அதனைத் தாளில் எழுதி வைக்கலாம். மென்பொருள் அத்தாளை வாசிப்பதில்லை.

நம்மூர்க் கிராம முன்னேற்றச் சங்கத்தின் யாப்பிலேகூட வங்கிக் கணக்கில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்ற விதி இருக்கும். விண்மீன்களுக்கிடையே பறக்கும் இவ்வமைப்புகளுக்கு அவ்வளவு எளிய பாதுகாப்பும் கிட்டவில்லை.

கூட்டுத்தாபனங்கள் பல சேர்ந்தால் கூட்டணி. கூட்டணிக்குள் ஒரு கூட்டுத்தாபனம் ‘நிறைவேற்றுக் கூட்டுத்தாபனம்’ என்ற நிலையைப் பெறுகின்றது. உறுப்புக் கூட்டுத்தாபனங்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதன் கையில். ஒரு மண்டலத்தின் மீதான இறைமை கூட்டணியின் பெயரிலேயே பதியப்படுகின்றது. இவ்வேற்பாட்டின் விளைவு 2009 பெப்ரவரியில் வெளிப்பட்டது. அக்காலத்தில் விளையாட்டின் மிகப் பலம் வாய்ந்த கூட்டணி எனக் கருதப்பட்டது ‘பான்ட் ஒவ் பிறதர்ஸ்’. அதன் பகைவருள் முதன்மையானது, தம்மைக் கேலிக்காரர் கும்பலென்று பெருமையோடு சொல்லிக்கொண்ட ‘கூன்ஸ்வோம்’. பல ஆண்டுப் போரினாற் சாதிக்க முடியாததை ஓர் இரவு சாதித்தது. பான்ட் ஒவ் பிறதர்ஸின் பணிப்பாளர் ஒருவர் எதிரணிக்கு மாற விரும்பி அதன் ஒற்றர் தலைவரை அணுகினார். அவருக்கிருந்த அதிகாரத்தின் அளவை அறிந்தபோது எதிரணியினரே வியந்தனர் என்பர். அவர் உறுப்புக் கூட்டுத்தாபனங்களை வெளியேற்றிக் கூட்டணியைக் கலைத்தார். இறைமை முழுவதும் அற்றுப்போயிற்று. பழைய பெயரை மீண்டும் பதிவதற்கும் வழியில்லாதவாறு அப்பெயரைக் கூன்ஸ்வோமே பதிந்துகொண்டது. வீழ்ந்தவர்கள் ‘கென்சொக்கு’ என்ற புதுப்பெயரில் ஒன்றுகூடியும் டெல்வ் என்னும் தம் பிரதேசத்தை அவர்களாற் காக்க இயலவில்லை. நிகழ்ந்தது விதிகளுக்கு உட்பட்டதே என்று கூறி நிறுவனம் தலையிட மறுத்துவிட்டது.

குறோனின் நூல் இந்நிகழ்ச்சியை உச்சமாகக் கொண்டே அமைகின்றது. துரோகம், தன்முனைப்பு, பழிவாங்கல் ஆகிய உணர்ச்சிகள் அங்கே நிரம்பியுள்ளன. ஆனால் அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் சேர்த்து நோக்கினால்தான் இதன் உண்மைப் பொருள் விளங்கும். 2009 டிசெம்பரில் இறைமைக்குக் கட்டணம் செலுத்தும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. 2010இன் தொடக்கத்தில் வெற்றியாளரான கூன்ஸ்வோமின் தலைமை அக்கட்டணத்தைச் செலுத்தத் தவறியதால், வென்றெடுத்த டெல்வ் பிரதேசம் அவர்களுடைய கையைவிட்டு நழுவிற்று. அதனைத் தொடர்ந்து அதன் தலைவரே திறைசேரியைச் சுருட்டிக்கொண்டு உறுப்பினரை வெளியேற்றினார். எஞ்சியோர் வேறொரு பெயரில் மீண்டும் அணிதிரள வேண்டியதாயிற்று. உயர்குடிச் செருக்குள்ளதெனப் பெயர்பெற்ற கூட்டணியும் வீழ்ந்தது. அச்செருக்கைப் பழித்து எழுந்த கலகக்காரர் கூட்டணியும் அவ்வாறே வீழ்ந்தது. இரண்டின் பண்பாடும் வேறு. மொழியும் நகைச்சுவையும் வேறு. தலைவர்களின் குணவியல்புகளும் வேறு. ஒன்றாக இருந்தது அமைப்பின் வடிவம் மாத்திரமே. வேறுபட்ட இரு காரணிகள் ஒரே விளைவைத் தரின், அவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்றிலே காரணத்தைத் தேடுதல் ஆராய்ச்சியின் பாலபாடம். தனிமனிதர் குணத்தை நோக்கிச் செல்லும் விளக்கம் இவ்விடத்திற் போதாமற் போகின்றது.

2014 சனவரி 27இல் பீ-ஆர்5ஆர்பீ என்னும் மண்டலத்தில் மூண்டு 21 மணிநேரம் வரை நீடித்த போர் உலகச் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. 7,500க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர் பங்குபற்றினர். ‘ரைற்றன்’ எனப்படும் பெருங்கப்பல்களுள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு 3 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் என்று கணக்கிட்டனர். அப்போருக்குக் காரணம் நிலப்பசியோ பழிவாங்கலோ அன்று. படைகள் தங்கியிருந்த மண்டலத்துக்குரிய இறைமைக் கட்டணம் உரிய நேரத்திற் செலுத்தப்படாமைதான். ஒரு சிறு கணக்குப்பிள்ளை வேலை தவறியது. அவ்வேலையைச் செய்யும் அதிகாரம் பலரிடம் பரவியிருக்க முடியாத வகையில் அமைப்பு இருந்தமையால், அத்தவறு எவர் கண்ணிலும் படவில்லை.

இவ்விடத்தில் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் ஜோ பிறீமன் 1970இல் உரையாக நிகழ்த்திப் பின் கட்டுரையாக்கிய ‘கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ பற்றிய கருத்து நினைவுகூரத்தக்கது. தலைமையும் விதியும் வேண்டாம் எனக் கூறும் குழுக்களில் அவை இல்லாமற் போவதில்லை. மறைவாக இயங்கத் தொடங்குகின்றன. நட்புவட்டமே ஆளும் குழுவாகின்றது என்பது அவர் வாதம். இணையவழிக் குழுமங்களைப் பற்றிப் பேசுவோர் பலர் இக்கருத்தை எடுத்தாளுகின்றனர். பல குழுமங்களுக்கு அது பொருந்துவதே. ஆனால் ஈவின் நிலை இதற்கு மறுதலையானது. இங்குள்ள குறை கட்டமைப்பின்மையன்று. வெளியிலிருந்து முன்கூட்டியே திணிக்கப்பட்ட ஒரே கட்டமைப்பு. தம் விதிகளைத் தாமே ஆக்கிக்கொள்ளும் உரிமை இல்லாத கூட்டத்தார் தாளில் எழுதிய விதிகளை நம்பமுடியாமல், ஆளை நம்புகின்றனர். ஆளை நம்பும் இடத்தில் நட்புவட்டம் ஆள்கின்றது. ஆக, பிறீமன் கண்ட நோய் இங்கும் தோன்றுகின்றது. ஆனால் அது வேறொரு வழியால் வந்து சேர்கின்றது.

நம்பிக்கை அரிதான பண்டமாகும்போது அதைப் பகிர்ந்தளிப்பவன் அதிகாரம் பெறுகின்றான். புதிதாகச் சேர விரும்புவோரின் கணக்கு விவரங்களையும் பழைய தொடர்புகளையும் துருவிப் பார்த்த பின்னரே அவரைச் சேர்க்கும் வழக்கம் கூட்டணிகளிற் பரவலாக உண்டு. எதிரணியின் ஒற்றராக இருக்கலாம் என்ற ஐயமே காரணம். எவரை ஐயுறுவது, எவரை விடுவது என்று தீர்மானிக்கும் சிறுகுழு எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை.

‘போர்க்களத்தில் வாக்கெடுப்பு நடத்த முடியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு படையணியில் 256 பேர் வரை இருக்கலாம். பேரளவுப் போர்களில் இத்தகைய பல அணிகள் ஒரே தலைமையின் கீழ் இயங்கும். எந்தக் கப்பலைச் சுடுவது, எப்போது பின்வாங்குவது என்பதைக் குரல்வழித் தொடர்பில் ஒருவரே கூறுவார். ஏனையோர் வாய்திறவாது கேட்பர். கணினியின் சுமை மிகும்போது நிறுவனம் விளையாட்டின் காலத்தைப் பத்திலொரு பங்கு வேகத்துக்குத் தாழ்த்திவிடும். அத்தகைய சோர்வூட்டும் மெதுநடையிலும் நூற்றுக்கணக்கானோர் ஒரே இலக்கை ஒரே கணத்திற் சுடவேண்டும். இதற்கு ஒரு குரலே வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். நாம் கேட்பது வேறு. போரிற் கட்டளையிடும் அதிகாரம் திறைசேரியின் திறவுகோலையும் ஏன் தன்னோடு எடுத்துச் செல்கின்றது? உறுப்பினரைச் சேர்த்தல், வருவாயைப் பங்கிடுதல், பகைவரோடு உடன்படிக்கை செய்தல் ஆகியவை மெதுவாகவும் பலர் கூடியும் செய்யத்தக்கவை. உண்மையில், திறமை வாய்ந்த படைத்தலைவர் பலர் கூட்டணிகளின் ஆட்சித்தலைவராக இருந்ததில்லை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதற்குப் ‘பேரரசர்’ என்ற சொல்லே துணைசெய்கின்றது. படையின் ஒழுங்குக்கு வேண்டிய ஒருமுகத்தன்மையை வீட்டின் நிருவாகத்துக்கும் வேண்டியதாகக் காட்டுவது அரசியலில் நாம் பலகாலம் கண்ட உத்திதான்.

பொருளியல் அடிப்படையைப் பாராது தலைமையை விளக்க முடியாது. குறோனின் நூலில் மட்டுமன்றி, மார்க்கஸ் கார்ட்டர் முதலியோர் பதிப்பித்து மினசோட்டாப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பை ஒட்டி எழுந்த உரையாடல்களிலும் இப்பகுதி இன்னும் விரிவாக ஆராயப்பட்டிருத்தல் வேண்டும் என்பது நம் எண்ணம். நீண்டகாலம் கூட்டணிகளின் பெருவருவாய் நிலாக்களிலிருந்து வந்தது. நிலாவுக்கருகில் ஒரு பொறியை நிறுவிவிட்டால் அது தானே அருங்கனிமத்தை உறிஞ்சித் தரும். சிலர் அவ்வப்போது சென்று பொருளை அள்ளி வந்தாற் போதும். 2009 டிசெம்பர் மாற்றங்களுக்குப் பின் ‘ரெக்னீசியம்’ என்னும் கனிமம் உற்பத்தியின் குரல்வளையாயிற்று. அது விண்வெளியின் வடபகுதியிலேயே செறிந்து கிடந்தது. 2012இல் அதனை வைத்திருந்த கூட்டணிகள், எண்ணெய் வள நாடுகளின் அமைப்பைப் பார்த்துச் செய்தது போலவே, விலையைத் தாங்கிப்பிடிக்கும் கூட்டொன்றை ஏற்படுத்திக்கொண்டன. களத்திற் பகைவர், சந்தையிற் பங்காளிகள்.

இத்தகைய வருவாயின் இயல்பு சிந்திக்கத்தக்கது. அது உறுப்பினருடைய உழைப்பிலிருந்து வருவதன்று. ஆகவே உறுப்பினருடைய சம்மதத்தையும் அது வேண்டி நிற்பதில்லை. அள்ளி வரும் சிலர் தலைமைக்கு நெருங்கியவர்களாயின் போதுமானது. அவ்வருவாயைக் கொண்டு, போரிற் கப்பலிழந்த உறுப்பினருக்கு ஈடு வழங்கப்பட்டது. ஆட்டக்காரர் இதனைத் தலைவரின் கொடை என்றே போற்றினர். வரியில்லாத நாட்டிற் பிரதிநிதித்துவக் கோரிக்கையும் எழுவதில்லை. கொடையாளிக்கு விசுவாசமே எழுகின்றது. எண்ணெய் வருவாயில் வாழும் முடியாட்சிகளைப் பற்றி அரசியலறிஞர் கூறுவன இங்கு அப்படியே பொருந்துகின்றன. 2017 ஒக்டோபரில் நிறுவனம் இம்முறையை மாற்றிற்று. அதன்பின் நிலாவின் கனிமத்தைப் பாறைத்துண்டுகளாக வெளியே இழுத்து, ஆட்டக்காரரே கப்பல்களோடு சென்று அகழவேண்டும். தலைமைக்கு இப்போது அகழ்வோர் தேவைப்பட்டனர். அவர்களுடைய விளைவின்மீது வரி விதிக்க வேண்டியதாயிற்று. அவர்களைக் காப்பதற்குப் படையையும் நிறுத்த வேண்டியதாயிற்று. முன்பு போர்வீரரின் ஏளனத்துக்கு ஆளாகிய சுரங்க வேலையாட்கள் கூட்டணிகளின் கணிப்பில் உயர்ந்தனர். ஆயினும் வாக்குரிமை அவர்களுக்கும் வரவில்லை, கூட்டுத்தாபனத்தின் வடிவம் மாறாமையால். அடித்தளம் மாறினாலும் மேற்கட்டுமானம் தானாக மாறிவிடாது என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ஆட்டக்காரருக்கு வாக்குரிமை வழங்கிய அமைப்பொன்றும் உண்டு. அதனை நிறுவியது சீசீபி நிறுவனமே. 2007 பெப்ரவரியில், நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தாம் ஆட்டக்காரராகச் சேர்ந்திருந்த பான்ட் ஒவ் பிறதர்ஸ் தரப்புக்கு அரிய வரைபடங்களை முறைகேடாகக் கிடைக்கச் செய்தமை வெளிச்சத்துக்கு வந்தது. நடுவரே ஒரு பக்கத்துக்கு ஆடினார் என்ற கோபம் பரவிற்று. நிறுவனம் உள்ளகக் கண்காணிப்புப் பிரிவொன்றை ஏற்படுத்தியதோடு, 2008இல் ‘விண்மீன் முகாமைத்துவப் பேரவை’ என்ற தேர்தல்வழிப் பேரவையையும் தோற்றுவித்தது. முதற் பேரவைக்கு ஒன்பதின்மர் தெரிவாகினர். வாக்களித்தோர் தகுதியுடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் மாத்திரமே. பேரவை உறுப்பினர் றெய்க்கியாவிக்குக்கு அழைக்கப்படுவர், இரகசியம் பேணும் உடன்படிக்கையில் ஒப்பமிடுவர், ஆலோசனை கூறுவர். விதியை ஆக்கவோ தடுக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. 2013 முதல் விருப்பு வாக்குகளை மாற்றிக் கணக்கிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. சிறுபான்மையோருக்கு இடமளிக்கும் நோக்கத்தோடு வந்த அம்முறையையும் பெருங்கூட்டணிகள் விரைவிற் கற்றுக்கொண்டன. எவ்வரிசையில் வாக்களிப்பது என்ற பட்டியலை உறுப்பினருக்கு அனுப்பினாற் போதுமல்லவா?

பேரவையின் வலிமையும் ஆட்டக்காரரின் வலிமையும் வெவ்வேறானவை என்பது 2011இல் புலனாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளிவந்த புதுப்பதிப்பில், ஆட்டக்காரரின் உருவம் அணியும் ஒற்றைக்கண்ணாடியொன்று உண்மைப் பணத்தில் 60 டொலருக்கு மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. அதே நாட்களில் நிறுவனத்தின் உள்ளகச் செய்திமடலொன்று கசிந்தது. பேராசையின் நன்மையைப் பேசிய அதன் தலைப்பு எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. ஆட்டக்காரர் ஜீட்டா என்னும் வாணிப மண்டலத்திற் கூடி அங்கிருந்த நினைவுச்சின்னத்தை இடைவிடாது சுட்டனர். அச்சின்னம் அழியக்கூடியதன்று, அவர்களும் அதை அறிவர். ஆனால் வேறொன்றும் செய்தனர்: சந்தாவை நிறுத்தினர். பேரவை அவசரமாக றெய்க்கியாவிக்குக்கு அழைக்கப்பட்டு அமைதியூட்டும் அறிக்கையும் வெளியாயிற்று. ஒக்டோபரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் ஊழியரில் ஐந்திலொரு பங்கினர் வேலைநீக்கப்பட்டனர். நிறுவனத்தைப் பணியவைத்தது வாக்குச்சீட்டன்று. வேலைநிறுத்தத்தை ஒத்த சந்தா மறுப்பே. அதன் சுமையின் பெரும்பகுதி மன்னிப்புக் கேட்டவர் மீதன்றி வேலையிழந்தவர் மீது விழுந்தது என்பதை இவ்வெற்றியைக் கொண்டாடுவோர் அதிகம் பேசுவதில்லை.

தலைவரின் ஒழுக்கத்துக்குப் பொறுப்புக் கேட்பது யார் என்ற வினா 2012இல் எழுந்தது. ‘தி மித்தானி’ என்ற பெயரால் அறியப்பட்ட கூன்ஸ்வோம் தலைவர், 10,000க்கு மேற்பட்ட வாக்குகளோடு பேரவைக்கு மீண்டும் தெரிவாகியிருந்தவர். அவ்வாண்டு மார்ச்சில் றெய்க்கியாவிக் விழா மேடையில், மனச்சோர்வுற்றிருந்த ஓர் ஆட்டக்காரரை எள்ளி நகையாடி, அவரைத் துன்புறுத்துமாறு கூட்டத்தைத் தூண்டினார். நிறுவனம் அவருக்கு 30 நாள் தடை விதித்தது. பேரவையிலிருந்த இடமும் போயிற்று. அவருடைய கூட்டணியின் தலைமை போகவில்லை. 2022 வரை அது அவரிடமே இருந்தது. அவர் விலகியபோது பொறுப்பு அடுத்தவரிடம் கையளிக்கப்பட்டது. பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான உறுப்பினருக்கு அவரை வினவும் வழி இல்லை. கூட்டணியை விட்டு வெளியேறும் வழி மட்டும் இருந்தது. வெளியேறும் உரிமையே போதும், அதுவே ஜனநாயகம் என்று வாதிடுவோருக்கு நாம் கூறத்தக்கது ஒன்றே: ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கப்பலும் நட்பும் நிலையங்களும் கூட்டணியின் நிலத்தில் இருக்கும்போது வெளியேறுதல் அவ்வளவு எளிதன்று.

இவ்வளவும் கூறிய பின்னர், இக்குழுமங்களில் மனிதப் பண்பே இல்லை என்று நாம் கருதுவதாக எவரும் கொள்ளலாகாது. நம் வாதத்துக்கு வலுவளிப்பவை அப்பண்புகளே. 2004இல் தொடங்கிய ‘ஈவ் யூனிவேர்சிற்றி’ என்னும் கூட்டுத்தாபனம் புதியவர்க்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டது. தலைமை அங்கு பலமுறை அமைதியாகக் கைமாறியுள்ளது. அதன் வடிவமும் மற்றவற்றின் வடிவமே. பணிப்பாளர் ஒருவர் மனம்வைத்தால் அதையும் கொள்ளையிடலாம். ‘சிக்னல் கார்ட்டெல்’ என்னும் இன்னொன்று, பிறரைத் தாக்குவதில்லை என்ற உறுதிமொழியோடு, வழிதவறி விண்வெளிப் புழைகளுக்கப்பால் சிக்கிக்கொண்டோரைத் தேடி மீட்கின்றது. மீட்கப்படுபவர் எக்கூட்டணியினர் என்று கேட்பதில்லை. கூன்ஸ்வோமின் தூதுவராகப் பகைவரோடும் நட்புப் பேணிய ஷோன் சிமித், பேரவையிலும் இடம்பெற்றவர். அமெரிக்க வெளிவிவகாரச் சேவையில் பணியாற்றியவர். 2012 செப்ரெம்பர் 11இல் பெங்காசித் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டபோது, அவரோடு போரிட்ட கூட்டணிகளும் தம் நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டின. எந்த ஆணையும் இதற்குப் பிறப்பிக்கப்படவில்லை. இத்தகையவை குறோனின் நூல்வகையில் அடிக்குறிப்பளவே பெறுவன. பேரரசர் கதைக்கு அவை பயன்படா. பெரும்பாலும் ஆண்களே ஆடும் இவ்விளையாட்டிற் பெண்கள் ஏன் வந்து நிலைக்கவில்லை என்ற வினாவும் அவ்வாறே ஓரத்தில் நின்றுவிடுகின்றது. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் கெலி பேர்க்ஸ்றம் முதலிய ஒரு சிலரே.

மிக்கெல்ஸ் ஆராய்ந்த தொழிலாளர் தம் கட்சியின் யாப்பைத் தாமே எழுதியவர்கள்; மாநாடு கூட்டித் திருத்தவும் வல்லவர்கள். அவ்வுரிமை இருந்தும் சிலராட்சி தோன்றியது ஏன் என்பது அவருடைய வினா. ஈவின் ஆட்டக்காரருக்கு அவ்வுரிமை ஒருநாளும் இருந்ததில்லை. 2018இல் சீசீபி நிறுவனத்தைத் தென்கொரியாவின் பேர்ள் அபிஸ் விலைக்கு வாங்கியபோது, பிரதேசங்களும் கூட்டணிகளும் அவற்றின் இறைமையும் ஒருசேரக் கைமாறின. எப்பேரரசரும் அந்த உடன்படிக்கையில் ஒப்பமிடுமாறு கேட்கப்படவில்லை.